ராதிம் மேடு

ராதிம் இறந்து ஒன்றரை வருடம் கழித்து அவருடைய மனைவி லிபுஷே எங்கள் லேசர் கூடத்துக்கு வந்தார். பிராகிலிருந்து வாடகை வேன், பின்னால் மரப்பெட்டிகள், கூட ஷார்கா என்ற ஆராய்ச்சிக்காரி ஒருத்தி மட்டும். வேனைப் பின்னுக்கு எடுக்கும்போது ஷார்கா என் சைக்கிளை இடித்துத் தள்ளிவிட்டாள். கத்துவதற்கு வாயைத் திறந்தேன். முன் இருக்கையிலிருந்து லிபுஷே இறங்குவதைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். ஆள் பாதியாக இளைத்திருந்தார். ராதிமின் பழுப்புக் கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தார், கை இரண்டு மடிப்பு மடித்து.

நான் ஹெரிட். இந்தக் கூடத்து லேசரை ஓட்டுகிறவன். பஸ் ஓட்டுவது மாதிரி நாங்களும் ஓட்டுவது என்றுதான் சொல்வோம். பல ஊர்களிலிருந்தும் வேதியியல்காரர்கள் விண்ணப்பம் போட்டு, கெஞ்சி, வருடத்துக்கு நாலைந்து நாள் வாங்கிக்கொண்டு வருவார்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் அவர்கள் எந்த நிறம் கேட்கிறார்களோ அதைக் கீழ்த்தளத்திலிருந்து நான் குழாய் வழியாக அனுப்ப வேண்டும். மேல்தளத்தில் அவர்கள் தங்கள் கருவிக்குள் அதை வாங்கிக்கொள்வார்கள். நடுநடுவே போன் செய்து, ஒளி ஆடுகிறது, குறைகிறது என்று என் உயிரை எடுப்பார்கள். பாதி நேரம் ஆடுவது அவர்கள் கருவிதான். அதைச் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

ராதிமும் லிபுஷேயும் பன்னிரண்டு வருடமாக வந்துகொண்டிருந்தவர்கள். இவர்கள் போன் செய்ய மாட்டார்கள். ராதிம் நேரே படியிறங்கி வந்துவிடுவார், கையில் கசகசா கேக்கோடு. கருவிக்கு முன்னால் புருஷனும் பெண்டாட்டியும் போடுகிற சண்டை கீழ்த்தளம் வரை கேட்கும். எனக்குச் செக் மொழி தெரியாது, ஆனால் யார் தோற்கிறார்கள் என்பது குரலிலேயே தெரிந்துவிடும். பெரும்பாலும் ராதிம்தான். தோற்றுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "யோவ் ஹெரிட், நீ கல்யாணம் பண்ணிக்காதது ரொம்ப நல்லதாப் போச்சு" என்பார். கொஞ்ச நேரம் கழித்து மேலேயிருந்து லிபுஷே கூப்பிட்டால், கேக்கைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவார்.

மேகம் எப்படித் தொடங்குகிறது என்பதுதான் ராதிமின் பைத்தியம். காற்றில் கந்தக அமிலம் கலந்திருக்கிறது. அதில் ஒரு பங்கு மின்னேற்றம் பெற்று அயனியாகத் திரிகிறது. அதன் எடை தொண்ணூற்றேழு. அதன் மேல் ஒரு தண்ணீர் மூலக்கூறு வந்து உட்காரும், பிறகு இன்னொன்று, பிறகு மற்ற அமிலங்களும் ஒட்டும், வளர்ந்து வளர்ந்து ஒரு நாள் மேகத் துளிக்கு விதையாகும். அந்த முதல் தண்ணீர் அயனியின் மேல் எந்தப் பக்கம், எப்படி உட்காருகிறது என்று பார்க்க வேண்டும் என்பார். பார்ப்பது லேசான காரியமில்லை. எதைத் தொட்டாலும் வினைபுரிந்து ஒன்றுமில்லாமல் போகிற ஜாதி அது. அதனால் காற்றே இல்லாத அறையில், அதிகக் குளிரில், மின்புலத்தால் ஆன ஒரு பொறிக்குள் பிடித்து வைப்பார்கள். பிடித்ததன் மேல் தண்ணீரைச் சேர்த்து, முதுகில் ஒரு ஹைட்ரஜன் மூலக்கூற்றை ஒட்டுவார்கள். நான் அனுப்புகிற ஒளியின் நிறம் அயனிக்குப் பொருந்தினால் அது ஒரு தடவை சிலிர்த்துக்கொள்ளும், ஒட்டியது உதிர்ந்துவிடும். எந்த நிறத்தில் எத்தனை உதிர்ந்தது என்று எண்ணிக் கோடு போட்டால், வரைபடத்தில் அங்கங்கே மேடு எழும். மேடுகள் எங்கே இருக்கின்றன என்பதை வைத்து அயனியின் உருவத்தைச் சொல்லிவிடுவார்கள்.

கடைசியாக இருவரும் சேர்ந்து வந்தபோது ராதிமுக்கு உடம்பு சரியில்லை. புற்றுநோய்க்குக் கொடுத்த மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்து, எலும்பெல்லாம் சுண்ணாம்புக்கட்டி மாதிரி ஆகியிருந்தது. கைத்தடி வைத்திருந்தார். அந்தப் பயணத்தில்தான், ஒளியின் அலைநீளத்தில் எட்டு மைக்ரானுக்குச் சற்றுக் கீழே, கணக்கில் இல்லாத ஒரு மேடு எழுந்தது. கைத்தடியோடு, ஒவ்வொரு படியாக, அவரே இறங்கி வந்து என்னிடம் சொன்னார். வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம், அவருக்கு மனசு வரவில்லை. மூச்சு வாங்கியது. தண்ணீர் அயனிக்குள் கையை நீட்டிப் பிடிக்கிற ஒரு புதிய உருவம், வினை தொடங்குகிற அந்தக் கணத்து உருவம், அதை நாம் பார்த்துவிட்டோம் என்றார். என் லேசரைத் தட்டிக்கொடுத்தார். அது தட்டிக்கொடுக்கக் கூடாத பொருள், ஆனால் அன்றைக்கு நான் எதுவும் சொல்லவில்லை.

கட்டுரை வந்தது. துறைக்காரர்கள் அதற்கு 'ராதிம் மேடு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ராதிம் அந்தக் கோடையைத் தாண்டவில்லை.

அடுத்த வருடம் பின்லாந்துக்காரர்கள் அதே சோதனையைச் செய்து பார்த்தார்கள். மேடு இல்லை. இன்னும் கவனமாகச் செய்தார்கள், அப்போதும் இல்லை. அது ஒன்றும் உலகத்தில் நடக்காத காரியமில்லை. கருவிக்குக் கருவி, குளிருக்குக் குளிர் மாறும். ஆனால் ஒரு மாநாட்டில் யாரோ ஒருவர் மேடையில் ஒரு வார்த்தை விட்டுவிட்டார். வந்த முதல் நாள், சிற்றுண்டிக் கூடத்தில் சீஸ் ரொட்டியைக் கடிக்காமலே பிய்த்துப் போட்டுக்கொண்டு, லிபுஷே அதை என்னிடம் சொன்னார்.

"சாகப்போற மனுஷன், அவரு பாக்கணும்னு நெனச்சது அவரு கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும்னு சொன்னான் ஹெரிட். மைக்குல சொன்னான். நான் நாலாவது வரிசைல உக்காந்திருக்கேன். பாதிப் பேரு சிரிச்சாங்க."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"நானும் சிரிச்சேன். என்ன பண்றதுன்னு தெரியல."

அதற்காகத்தான் வந்திருந்தார். அவருக்குக் கிடைத்தது நாலு நாள். அதற்குள் மேடு இருக்கிறது என்று காட்டிவிட வேண்டும். ராதிம் இல்லாததை இருப்பதாகச் சொல்கிற ஆள் இல்லை என்று ஊருக்குத் தெரிய வேண்டும். மற்றபடி மேகம் எப்படியாவது தொடங்கிக்கொள்ளட்டும் என்றார். இத்தனை வருடத்தில் லிபுஷே வேதியியலைப் பற்றி அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

எல்லாம் ராதிம் செய்தபடியே என்று சொல்லிவிட்டார். அவர் பயன்படுத்திய அதே குழாய்கள், அதே கண்ணாடிச் சிரிஞ்சு, அதே குப்பி அமிலம். அமிலத்தைச் சிரிஞ்சிலிருந்து மெல்ல மெல்லத் தள்ளி, மின்னழுத்தம் கொடுத்துத் தெளித்துத்தான் அயனியாக்குவது. ஒரு மரப்பெட்டியில் அத்தனையையும் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, அவர் விட்டுப்போன வரிசையிலேயே அடுக்கிக் கொண்டுவந்திருந்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஒளியைக் கொடுத்தேன். பன்னிரண்டு மைக்ரானில் தொடங்கி மெதுவாகக் கீழே வந்தோம். கந்தகத்தின் பெரிய மேடுகள் வரவேண்டிய இடத்தில் வந்தன. மதியத்துக்குப் பிறகு எட்டு மைக்ரானைத் தாண்டினேன். போன் வரவில்லை. படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டது. ஷார்கா இரண்டு இரண்டு படியாகத் தாவி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

மேலே போய்ப் பார்த்தேன். மேடு இருந்தது. பழைய வரைபடத்தில் எங்கே இருந்ததோ அங்கேயே. லிபுஷே திரைக்கு முன்னால் உட்கார்ந்து வலது கையைத் திரை மேல் வைத்திருந்தார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது மாதிரி. அழவில்லை. செக்கில் ஏதோ முணுமுணுத்தார். ஷார்காவிடம் என்னவென்று கேட்டேன்.

"பாத்தியா, நான் சொன்னா கேக்க மாட்டேங்கறானுங்கன்னு சொல்றாங்க" என்றாள். "அவரு பேசற மாதிரியே."

அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் வெட்கங்கெட்ட சந்தோஷம். பின்லாந்துக்காரர்களுக்கு என்னென்ன சொல்லலாம் என்று சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு நானே பேசிக்கொண்டு போனேன். ஹேண்டில்பார் கோணலாக இருந்தது, அதுகூட உறைக்கவில்லை.

ஷார்கா அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றாள். இதே மேட்டை இன்னும் நாலு தடவை எடுப்போம், நன்றாகப் பதிவு செய்வோம், ஊருக்குப் போவோம். லிபுஷே கேட்கவில்லை. மறுபடி வந்தது என்று மட்டும் சொன்னால், மறுபடியும் கற்பனை என்பார்கள். எதிராக யாரும் வாயைத் திறக்க முடியாத சாட்சி வேண்டும் என்றார். அதற்கு அவர் பையில் ஒன்று இருந்தது. கனக் கந்தகத்தில் செய்த அமிலம், கண்ணீர்த்துளி அளவு, அதற்கு ஆறு மாதம் காத்திருந்து வாங்கியிருந்தார். சாதாரணக் கந்தகத்தைவிட இது இரண்டு எடை கூடுதல். இதைத் தெளித்தால் கந்தக அயனி தொண்ணூற்றேழில் இருக்காது, தொண்ணூற்றொன்பதுக்குப் போய்விடும். ராதிமின் மேடும் கூடவே தொண்ணூற்றொன்பதுக்குப் போனால், அது கந்தகத்தினுடையதுதான் என்று யாரும் மறுக்க முடியாது.

மூன்றாம் நாள், அதே சிரிஞ்சில், அதைச் செய்தார்கள். தொண்ணூற்றொன்பதை மட்டும் பொறிக்குள் விட்டு ஒளியைக் கொடுத்தேன். கந்தகத்தின் பெரிய மேடுகள் வந்தன, கொஞ்சம் நகர்ந்து, எதிர்பார்த்தபடியே. எட்டு மைக்ரானைத் தாண்டினேன். போனை எடுத்து நானே கேட்டேன். இன்னும் கொஞ்சம் கீழே போங்கள் என்றாள் ஷார்கா. போனேன். திரும்ப மேலே வரச் சொன்னாள். வந்தேன். ராதிம் மேட்டைக் காணோம் என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அரை மணி கழித்து லிபுஷேயின் குரல் வந்தது, மிகச் சாதாரணமாக. தொண்ணூற்றேழுக்கு மாற்றுகிறோம், முதலிலிருந்து ஒரு தடவை ஓட்டுங்கள் என்றார். இப்போது தொண்ணூற்றேழில் கந்தகமே இல்லை. அங்கே ஒன்றும் இருக்கக் கூடாது. ஓட்டிவிட்டு மேலே ஏறிப் போனேன். இருப்புக் கொள்ளவில்லை.

திரையில் ராதிம் மேடு நின்றுகொண்டிருந்தது. கந்தகம் இல்லாத இடத்தில், தெளிவாக, முன்னைவிட உயரமாக. அதன் பக்கத்தில் இன்னும் மூன்று மேடுகள். இத்தனை நாளும் கந்தகத்தின் பெரிய மேடுகளுக்கு அடியில் மறைந்துகிடந்தவை.

இந்தத் தொழிலில் கொஞ்ச காலம் இருந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும், தொண்ணூற்றேழு எடையில் இன்னொன்று இருக்கிறது. பாஸ்பேட். சோப்பில் இருக்கும், உரத்தில் இருக்கும், நம் எலும்பில் இருக்கும். எடையை வைத்து அதையும் கந்தக அமிலத்தையும் இந்தக் கருவி பிரிக்காது. கருவிக்குள் அழுக்கு சேர்ந்துவிட்டது என்று சொல்வோமே, அந்த அழுக்குத்தான்.

ஷார்கா ஏதேதோ சொல்லிப் பார்த்தாள். பழைய அமிலம் பொறியில் மிச்சம் இருக்கலாம் என்றாள். அப்படியானால் கந்தகத்தின் மேடுகளும் இருக்க வேண்டுமே, ஒன்றைக்கூடக் காணோமே என்றார் லிபுஷே. பிறகு ஒரு புதிய சிரிஞ்சை எடுத்து மாட்டச் சொன்னார். மாட்டிவிட்டு மறுபடி ஓட்டினோம். திரை முழுக்கத் தரையோடு தரையாக ஒரு கோடு. மேடு போய்விட்டது. அப்போதுதான் லிபுஷே பழைய சிரிஞ்சைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மேஜை மேல் வைத்துவிட்டு, கம்பளிச் சட்டையை இழுத்து மூடிக்கொண்டு, வெளியே போய்விட்டார்.

எங்கள் ஊரில் ஓடுகிற வால் என்ற ஆற்றில் அந்த வாரம் வெள்ளம். கரைமேட்டுக்குக் கீழே புல்வெளியெல்லாம் தண்ணீருக்குள் இருந்தது. வேலிக் கம்பங்கள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றன. லிபுஷே கரைமேட்டில் ஈர பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் இரண்டு காகிதக் கோப்பையில் காப்பி எடுத்துக்கொண்டு போனேன். ஆறுதல் சொல்வதெல்லாம் எனக்கு வராது. பக்கத்தில் உட்கார்ந்து, பேண்ட் நனைவதைச் சகித்துக்கொண்டு, ஒரு சரக்குப் படகு எதிர்நீச்சலில் திணறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தச் சிரிஞ்ச நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அவரு ஒடம்புல பாஸ்பேட் நிக்கல ஹெரிட். கிட்னி எல்லாத்தையும் வெளிய விட்டுருச்சு. எலும்பு கரையுதுன்னு சொல்லி டாக்டர் பாஸ்பேட் குடுத்தாரு, தண்ணில கலக்கி, கொஞ்சம் கொஞ்சமா, நாள் முழுக்க. மருந்துக்கடைல குடுத்த பிளாஸ்டிக் சிரிஞ்சுல அளவுக்கோடு ரெண்டு நாள்ல அழிஞ்சிருச்சு. நான் லேப்ல வேல பாக்கறவ. அழிஞ்ச கோட்ட வெச்சு எப்படி அவருக்கு மருந்து அளக்கறது? கண்ணாடிச் சிரிஞ்சு ஒண்ண எடுத்துட்டுப் போனேன். புதுசுதான். அதுலதான் அவரு வாய்ல விடுவேன்."

காப்பியை வாங்கினார், குடிக்கவில்லை.

"அவரோட கடைசியா இங்க வர்றதுக்கு முந்தின நாள் திருப்பி எடுத்துட்டு வந்து வெச்சிட்டேன். அவருக்கு ரொம்ப கொமட்டுச்சு, பயணத்துல மாத்திரையா முழுங்கிக்கறேன்னாரு. சிரிஞ்ச மெத்தனால்ல மூணு தடவ அலசுனேன். நல்லாத்தான் அலசுனேன்."

எங்கள் உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் அலசுவார்கள். வந்த முதல் நாளே அதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள், மெத்தனாலில் மூன்று தடவை. வேறு எந்த அழுக்கானாலும் அதில் போய்விடும். பாஸ்பேட் உப்பு மெத்தனாலில் கரையாது. குழாயடியில் வெறும் தண்ணீரில் காட்டியிருந்தால் போயிருக்கும். ஒரு சாதாரணக் குடும்பத்துப் பெண் கழுவியிருந்தால் சுத்தமாகியிருக்கும். அதை நான் சொல்லவில்லை. அவருக்கே தெரியும் என்பது முகத்தில் தெரிந்தது.

திரும்பி வந்தபோது ஷார்கா தயாராக இருந்தாள். அழுது முகத்தைக் கழுவியிருந்தாள். இன்னும் ஒரு நாள் இருக்கிறது, வேறு ஏதாவது அயனியை அளந்துவிட்டுப் போவோம் என்றாள். பத்திரிகைக்கு ஒரு வரி எழுதினால் போதும், மேட்டை எங்களால் மறுபடி காண முடியவில்லை என்று. எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். சிரிஞ்சு, மருந்து, வீடு, இதையெல்லாம் ஊருக்குச் சொல்ல என்ன தலையெழுத்து என்றாள்.

"மறுபடி காணலன்னு எழுதுனா, மொதல்ல பாத்தது பொய்னு ஆயிரும்" என்றார் லிபுஷே.

"டாக்டரம்மா, இத எழுதுனா சிரிப்பாங்க. உங்களச் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். அவரு இல்லாதத பாக்கல ஷார்கா. இருந்தததான் பாத்தாரு. அது என்னன்னுதான் தெரியாமப் போச்சு. அத உள்ள வெச்சது நான். அத நானே நிரூபிச்சாத்தான் அவரு பேரு தப்பிக்கும்."

ஷார்கா என்னைப் பார்த்தாள், நான் ஏதாவது சொல்லித் தடுப்பேன் என்று. நான் தடுத்திருக்கலாம். எனக்கும் அதை மூடி மறைத்துவிட வேண்டும் என்றுதான் இருந்தது. ராதிமுக்காக என்று சொல்லிக்கொண்டாலும், உண்மையில் லிபுஷே இன்னொரு நாள் அந்தத் திரைக்கு முன்னால் உட்காருவதை என்னால் பார்க்க முடியாது என்பதுதான் காரணம். ஆனால் அந்தக் குரல் எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடம் கீழ்த்தளத்திலிருந்து கேட்ட குரல். அதோடு வாதாடி யாரும் ஜெயித்து நான் பார்த்ததில்லை.

நாலாம் நாள் முழுவதும் பாஸ்பேட்டை அளந்தார். எங்கள் மருந்துக் கிடங்கிலிருந்து ஒரு சிட்டிகை பாஸ்பேட் உப்பு, புதிய குழாய், புதிய சிரிஞ்சு. ராதிமின் மேட்டைத் தேடியபோது எவ்வளவு கவனமாக இருந்தாரோ அதே கவனம். ஒவ்வொரு நிறத்துக்கும் என்னைக் காத்திருக்க வைத்தார். ஓரிடத்தில் ஒளி லேசாக ஆடியது, உண்மையிலேயே என் பக்கத்துத் தப்பு. விட்டுவிடலாம் என்று சொன்னேன், சரி செய்யச் சொன்னார். தன் புருஷன் சொன்னது தப்பு என்று காட்டுகிற சோதனையில் ஒரு ஓட்டைகூட இருக்கக் கூடாது என்று ஒரு பெண் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். கருவி ஓட்டுகிறவனாக நான் அவ்வளவு நேர்த்தியாக வேலை செய்த நாளும் வேறு இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

சாயங்காலம் புதிய கோட்டையும் ராதிமின் பழைய கோட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டார்கள். அந்த இடத்தில் இரண்டும் ஒரே கோடாகத்தான் தெரிந்தன. நான் ஒளியை நிறுத்திவிட்டு மேலே வந்திருந்தேன். பம்புகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டிருந்தன. ஷார்கா குழாய்களைக் கழற்ற ஆரம்பித்தாள்.

லிபுஷே எழுந்திருக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார், என்னிடமா தன்னிடமா என்று தெரியவில்லை.

"ஆஸ்பத்திரில இந்தப் படத்த பெருசா பிரிண்ட் போட்டு எதிர்ச் சுவத்துல ஒட்டச் சொன்னாரு. நர்ஸ் பொண்ணு ஏதோ மலைனு நெனச்சிக்கிட்டு, எந்த ஊரு மலை சார் இதுன்னு கேட்டா. அவருக்கு அவ்வளவு சந்தோஷம். வர்றவங்க போறவங்க எல்லார்ட்டயும் சொல்லுவாரு. வலி வந்தா அதப் பாப்பாரு. அந்த மருந்த மட்டும் குடிக்கவே மாட்டாரு. வாய மூடிக்குவாரு, என்னத் திட்டுவாரு, ஒரு தடவ தட்டி விட்டுட்டாரு. நான் அழுதிருக்கேன் ஹெரிட். இந்த மனுஷனுக்கு நான் செஞ்சது ஒண்ணுமே ஒட்டலயேன்னு."

கம்பளிச் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தார்.

"சாகற வரைக்கும் அவரு சந்தோஷமாப் பாத்துக்கிட்டு இருந்தது அந்த மருந்தத்தான்."

ஷார்கா கையில் குழாயோடு அப்படியே நின்றாள். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ராதிமுக்காக நான் அழுதது அப்போதுதான். சாவுக்குப் போனபோதுகூட அழவில்லை, வண்டி நிறுத்த இடம் கிடைக்கவில்லை என்று யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை பெட்டிகளை வேனில் ஏற்றினோம். ஷார்கா என் சைக்கிளைத் தள்ளி ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் வண்டியை எடுத்தாள்.

இலையுதிர் காலத்தில் ஒரு மதியம் பிராகிலிருந்து போன் வந்தது. திருத்தக் கட்டுரை முடிந்துவிட்டது என்றார் லிபுஷே. எதையும் பூசி மெழுகவில்லை. நோயாளிக்கு மருந்து கொடுக்கப் பயன்பட்ட சிரிஞ்சு, அதை ஆய்வகத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தவர் கட்டுரையின் இரண்டாம் ஆசிரியர், அதாவது அவரேதான், மெத்தனாலில் மட்டும் கழுவப்பட்டது, எல்லாம் நேராக எழுதியிருந்தார். பின்லாந்துக்காரர்களுக்கு முன்கூட்டியே அனுப்பியிருந்தார். அவர்கள் தலைவர் கையால் எழுதிப் பதில் போட்டிருந்தாராம். மரியாதையான பதில். மைக்கில் பேசியவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஆனால் இனிமேல் யாரும் ராதிம் கற்பனை செய்தார் என்று சொல்ல முடியாது. அது போதும் என்றார்.

பிறகு கொஞ்சம் தயங்கினார். பத்திரிகைக்காரர்கள் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள் என்றார். கட்டுரை எழுதியவர்கள் அத்தனை பேருக்கும் இந்தத் திருத்தத்தில் சம்மதமா என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். இறந்தவருக்குப் பதிலாக மனைவி சொல்லலாமாம்.

"அவரு ஒத்துக்குவாரா ஹெரிட்? நெஜமாச் சொல்லுங்க."

நான் யோசித்தேன். பொய் சொல்லக் கூடாது என்று தோன்றியது.

"ஒத்துக்குவாரு. ஆனா ஒடனே ஒத்துக்க மாட்டாரு. ஒரு வாரம் கத்துவாரு. சிரிஞ்சு மேல தப்பில்ல, மெத்தனால் மேல தப்பு, பின்லாந்துக்காரன் கருவி சரியில்ல, ஹெரிட்டோட லேசர் சரியில்லம்பாரு. உங்களோட பேச மாட்டாரு. சாப்பிட மாட்டாரு. அப்புறமா ஒரு நா காலைல எந்திரிச்சு வந்து, நீ சொல்றதுதான் சரின்னுவாரு."



"சம்மதம்னு நேத்தே போட்டுட்டேன்" என்றார். "ஒரு நிமிஷங்கூட ஆகல. எனக்கு அந்த ஒரு வாரம்தான் வேணும் ஹெரிட்."